கருப்பு மைக்குக் கீழே

அந்த நாற்காலியில உக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் ஆடுது. காலையில நான் உக்காந்து கவுந்திருப்பேன். இப்படி வாங்க, பையை நகத்திக்கிறேன். விசாரணை நடக்கிறப்ப நம்மளை உள்ள விட மாட்டாங்கங்க. நானும் ரெண்டு தடவை கேட்டுப் பாத்துட்டேன். மாணவி கூட ஒரே ஒரு ஆள் வரலாமாம், அந்த ஆள் பேரையும் மாணவியே எழுதிக் கொடுக்கணுமாம். உங்க பேரை எழுதலையா? என் பேரையும் எழுதல. என் பொண்ணு யாரோ ஒரு டீச்சர் பேரை எழுதியிருக்கா. இவ பொறந்ததுலேர்ந்து அந்தம்மாதான் பாத்துக்கிட்டாங்க பாருங்க.

நீங்க பிரிட்டாவோட அப்பாதானே? கோஸ்கி. எப்படித் தெரியும்னா, ஆரஞ்சு வேட்டைத் தொப்பி போட்டுக்கிட்டு இந்த ஆபீசுக்கு வேற யார் வருவா? கழட்டி மடியில வச்சிக்கோங்கண்ணே, தப்பா நினைக்காதீங்க. பொண்ணு மேல கத்திக் கேஸ், அப்பா மான் வேட்டைக்குப் போற மாதிரி வந்து நின்னா அவங்க என்ன நினைப்பாங்க? நான் டார்லா. ஜனெலோட அம்மா. உங்க பொண்ணு கூட ஒரே அறையில இருக்காளே, அந்த ஜனெல்.

என்ன, பேரைக் கேட்டதும் மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?

சரி, விடுங்க. ரோட்டுல பனி ஜாஸ்தியா? நானும் நாலு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். ஏரி ஓரமா வந்தா சீக்கிரம் வந்திருக்கலாம், எங்க வீட்டுக்காரர் அந்த ரோட்டுல போகவே கூடாதுன்னுட்டார். அவர் மர லாரி ஓட்டுறவர், ரோட்டைப் பத்தி அவர் சொன்னாக் கேட்டுக்குவேன். மத்ததுக்கெல்லாம் அவர் பேச்சைக் கேட்டா வீடு உருப்படாது. இன்னைக்குக் காலையிலகூட சொன்னார், போகாத டார்லா, அவதான் வர வேணாம்னுட்டாளேன்னு. வர வேணாம்னு ஒரு பொண்ணு போன் போட்டுச் சொன்னா, வான்னுதானே அர்த்தம்?

மெதுவாப் பேசுங்கண்ணே. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால பச்சை ஸ்வெட்டர் போட்ட பொண்ணு இருக்கா பாருங்க, டைப் அடிக்கிற மாதிரிதான் இருக்கா. நான் வந்ததுலேர்ந்து பாக்குறேன், ஒரே பக்கத்துலதான் நிக்கிறா. மேல பாருங்க, அந்தக் கருப்பு உருண்டை. கேமரா. குரலும் கேக்குமா, படம் மட்டுமான்னு அவகிட்டக் கேட்டேன், எனக்குத் தெரியாதும்மாங்கிறா. சம்பளம் வாங்குறவளுக்குத் தெரியாதாம்.

நீங்க பேசவே மாட்டீங்க போல. பிரிட்டாவும் அப்படித்தான். ஆகஸ்ட்ல சாமான் இறக்க வந்தப்ப பாத்தேன். ஹலோன்னா ஹலோ, அவ்வளவுதான். ஒரு இரும்புப் பெட்டியைத் தனியாளா மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போனா. எங்க வீட்டுக்காரர், அடேங்கப்பா, இவ கூட இருந்தா நம்ம பொண்ணுக்குப் பயமில்லன்னார். எனக்கு என்னமோ அப்பவே சரியாப் படல. பேசாத ஆளுங்க மனசுல என்ன வச்சிருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உங்களைச் சொல்லல, நீங்க ஆம்பளை.

உள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா? உங்க பொண்ணை ஒரு வருஷத்துக்கு வெளிய அனுப்பிடுவாங்கன்னு ஜனெல் சொன்னா. ஒரு வருஷம் போனா அந்த நர்சிங் இடமும் போயிடுமாமே, வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்களாமே? ஐயோ பாவம். நெசமாத்தாண்ணே சொல்றேன், பாவம். எனக்கு அவளைப் பிடிக்காது, அதுக்காக அவ படிப்பு போகணும்னு நான் நினைக்கல. நான் பத்தாவதோட நின்னவ. ஸ்கூல் சமையல்கட்டுல பத்தொன்பது வருஷமாப் பாத்திரம் தேய்ச்சு, காய் நறுக்கி, இப்ப கிழங்கு மசிக்கிற மிஷினை என்கிட்ட நம்பிக் கொடுத்திருக்காங்க. படிப்பு போறதுன்னா என்னன்னு எனக்கும் தெரியும்.

ஏன் பிடிக்காதா? சொல்றேன். உங்களுக்கு இருக்கிறது இவ ஒருத்திதானா? அப்பச் சொன்னாப் புரியும்.

ஜனெல் முதல் ரெண்டு மாசம் ஒழுங்காத்தான் போன் எடுத்தா. காலையில ஏழு மணிக்கு ஒண்ணு, அவ எந்திரிச்சாளான்னு பாக்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஒண்ணு. ராத்திரி படுக்கிறதுக்கு முந்தி ஒண்ணு. அதிகம்லாம் இல்லையே? எங்க அம்மா இருந்தா ஆறு தடவை பண்ணியிருக்கும். அக்டோபர் வந்துச்சு, மத்தியானப் போனை எடுக்கிறதில்ல. அப்புறம் காலைப் போனும் போச்சு. ஒரு நாள் கேக்குறேன், ஏன்டி எடுக்கலன்னு. ஒவ்வொரு தடவையும் எடுக்கணும்னு இல்லைன்னு பிரிட்டா சொன்னாம்மான்னுட்டா. அவ வாயில அதுக்கு முன்னால அந்தப் பேச்சே வந்ததில்லண்ணே. உங்க பொண்ணு வந்த பிறகுதான்.

அவ சும்மா சொல்லியிருப்பாதான். நானும் அப்படித்தான் நினைச்சு ஒரு வாரம் பொறுத்தேன்.

நவம்பர்ல மூணு வாரம் பேச்சே இல்ல. நல்லா இருக்கேன்னு ஒரு வரி அனுப்புவா. அது அவதான் எழுதினாளான்னு எனக்கெப்படித் தெரியும்? யார் வேணா எழுதலாமே. போன வருஷம் வேற ஏதோ ஒரு காலேஜ்ல ஒரு பையன் அறைக்குள்ளயே செத்துக் கிடந்து மூணு நாளா யாருக்கும் தெரியலைன்னு டிவியில சொன்னாங்க. பக்கத்து அறையில பாட்டுப் போட்டு ஆடியிருக்காங்க. அந்தப் பையனோட அம்மாவைக் காட்டினாங்க. என் வயசுதான். கோட்டுக்குக்கூடத் தப்புத் தப்பாப் பொத்தான் போட்டிருந்தா.

அதனால இந்த ஆபீசுக்குப் போன் போட்டேன். இங்கதான், இதே ஆபீஸ். என் பொண்ணு வகுப்புக்குப் போறாளா, அதை மட்டும் சொல்லுங்கன்னேன். என்ன சொன்னாங்க தெரியுமா? அந்தப் பேர்ல இங்க ஒரு மாணவி படிக்கிறாங்கன்னோ படிக்கலைன்னோ எங்களால சொல்ல முடியாதும்மாங்கிறாங்க. ஏங்க, நான்தானே கொண்டு வந்து விட்டேன், பெட்ஷீட் விரிச்சுட்டுப் போனேன்னேன். பதினெட்டு வயசு ஆயிடுச்சாம், அவ விவரம் அவளுக்குத்தான் சொந்தமாம். அவ கையெழுத்துப் போட்ட தாள் இருந்தாச் சொல்லலாமாம். போட்டாளே, ஆகஸ்ட்ல என் கண் முன்னாலதானே போட்டான்னேன். பாத்துட்டு வர்றேன்னு போனாங்க. திரும்பி வந்து, ரொம்பப் பதமா, குழந்தைகிட்டச் சொல்ற மாதிரி, அந்த அனுமதி இப்ப இல்லம்மாங்கிறாங்க.

வாபஸ் வாங்கியிருக்கா. அக்டோபர்ல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

கார்டைத் தட்டித்தான் அவங்க ஹாஸ்டல் கதவு திறக்கும், தெரியுமா? எத்தனை மணிக்கு உள்ள போனா, எத்தனை மணிக்கு வெளிய வந்தா, சாப்பிட்டாளா, லைப்ரரிக்குப் போனாளா, எல்லாம் எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கு. அதைப் பாக்க ஒரு சம்பளக்காரன் இருக்கான். அவன் பாக்கலாம். நான் பாக்கக் கூடாது. அவளுக்கு அஞ்சு வயசுல நிமோனியா வந்தப்ப அந்தக் கம்ப்யூட்டரா பக்கத்துல உக்காந்துச்சு?

செக்யூரிட்டி ஆபீசுக்கும் போட்டேண்ணே. போய்ப் பாருங்கய்யா, உயிரோட இருக்காளான்னு பாருங்கன்னேன். அவங்க அதுக்கு ஆள் அனுப்புவாங்க, அது விதியிலயே இருக்கு. அனுப்பிட்டு எனக்குக் கூப்பிட்டாங்க. கதவைத் தட்டினோம், பேசினோம்னாங்க. யார் பேசினா? என் பொண்ணா, உங்க பொண்ணா? மெலிஞ்சு இருந்தாளா? அழுதாளா? அறை எப்படி இருந்துச்சு? அதுக்கு மேல எதுவும் சொல்ல முடியாதும்மா. கதவு அரை அடிதான் திறந்துதாம். உள்ள போறதுக்கு எங்களுக்குக் காரணம் வேணும்மாங்கிறான் அந்தத் தம்பி.

இதைப் பாருங்க. மாணவர் விதிப் புத்தகம். அவ வீட்டுல விட்டுட்டுப் போனது. ஓரமெல்லாம் பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன். புரியாத வார்த்தைக்கு எங்க ஸ்கூல் லைப்ரரி அம்மாகிட்டக் கேட்டுக்கிட்டேன். பதினேழாம் பக்கம், காலேஜ் ஆளுங்க அறைக்குள்ள எப்ப வரலாம்னு. மாசம் ஒரு தடவை பாக்க வருவாங்க, அதுக்கு ஒரு நாள் முன்னால நோட்டீஸ் ஒட்டணும். அப்ப ஜன்னல், பிளக், குப்பைக்கூடை, அவ்வளவுதான். இழுப்பறையைத் தொடக் கூடாது. கண்ணுக்கு நேராத் தெரியறதை மட்டும்தான் எழுதலாம். போதை மருந்து அது இதுன்னு சந்தேகம் வந்தா டீன் கையெழுத்துப் போட்ட தாள் வேணும், அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். ஆனா உயிருக்கு ஆபத்துன்னு தகவல் வந்தா நோட்டீசும் வேணாம், தாளும் வேணாம். நேரா உள்ள போகலாம். இழுப்பறை, கட்டிலுக்கு அடியில, பை, எல்லாத்தையும் திறந்து பாக்கலாம். யாராவது ஆயுதம் காட்டினாங்கன்னு ஒரு வார்த்தை போதும்.

மனப்பாடமா? இருக்காதா பின்ன? நாலு வாரமா ராத்திரி அதைத்தானே படிச்சுக்கிட்டு இருக்கேன்.

அப்படி வந்துதாண்ணே நம்ம பொண்ணுங்க அறையைப் புரட்டிட்டாங்க. நாலு பேராம். மத்தியானம் பன்னெண்டரைக்கு. ரெண்டு பேரும் வகுப்புல இருந்திருக்காங்க. அந்த மாடிக்குப் பொறுப்புன்னு ஒரு மாணவி இருப்பாளே, மெரடித், அவகிட்டதான் எல்லா அறைக்கும் சாவி. இருபது வயசுக்கு அவகிட்ட நாப்பது அறைச் சாவி. அவளை நான் நம்ப மாட்டேன், கண்ணைப் பாத்துப் பேச மாட்டா. அவதான் திறந்து விட்டிருக்கா. என் பொண்ணோட துணிமணியை எவனோ கையுறை போட்டுக் கிளறியிருக்கான். நினைச்சா உடம்பெல்லாம் கூசுது.

ஆமா, கத்தி இருந்துதானே கிடைச்சுதுன்னு நீங்க சொல்லலாம். அது எப்படி அங்க வந்துதுன்னு ஜனெல் சொன்னா. மான் வேட்டை சீசன் ரெண்டாவது வாரம் உங்க கூடக் காட்டுக்கு வந்திருந்தாளாமே. மான் விழுந்துச்சா, பெரிய கொம்பா? எட்டு முனையா? பரவாயில்லையே, எங்க வீட்டுக்காரருக்கு இந்த வருஷமும் ஒண்ணும் மாட்டல, வெறும் பீர்தான் காலியாச்சு. துப்பாக்கியை உங்க வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கா. அது புத்திசாலித்தனம். கத்தி மட்டும் கோட்டுப் பையிலயே வந்துருச்சு. செக்யூரிட்டி ஆபீஸ்லதான் வேட்டைச் சாமானுக்குன்னு பூட்டு அலமாரி வச்சிருக்காங்களே, எழுதிக் கொடுத்துட்டு வச்சா யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. பாதிப் பசங்க துப்பாக்கியே அங்கதான் தூங்குது. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அங்க சாமான் வாங்கி வைக்கிற ஜன்னலைச் சாத்திடுறான், இவ வந்து சேந்தது அஞ்சரை. திங்கக்கிழமை பரீட்சை. செவ்வாக்கிழமை கொடுத்துக்கலாம்னு மேசை இழுப்பறையில போட்டிருக்கா. செவ்வாக்கிழமைதான் வந்துட்டாங்க.

ரத்தம் வேற இருந்துதாமே. மானை உரிச்சவ கத்தியைக் கழுவ மாட்டாளா? சரி சரி, கோவிச்சுக்காதீங்க, உறையிலதான் ஒட்டியிருந்துதா. எங்க ஊர்ல எந்த வீட்டுக் கத்தி உறையிலயும் மான் ரத்தம் இருக்கும். ஆனா உள்ள தலைமையில உக்காந்திருக்கிற அம்மா சிகாகோவாம். அவங்க மானை நாட்காட்டியிலதான் பாத்திருப்பாங்க.

நீங்க கொடுத்த கத்தியா? பதினாறாவது பிறந்த நாளுக்கா. ம். அதான் மூஞ்சி இப்படி இருக்கு. அதை நீங்க மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க. இந்தாங்க, பாஸ்டி இருக்கு, பாதி சாப்பிடுங்க. ஜனெலுக்குன்னு காலையில சுட்டது. மாவுக்குள்ள மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள் முள்ளங்கி. கேரட் போடல. பாஸ்டியில கேரட் போடுற ஆளை நான் வீட்டுக்குள்ளயே விட மாட்டேன். உங்க வீட்டுல போடுவாங்களா? சரி, நீங்க வீட்டுக்குள்ள வரலையே, சாப்பிடுங்க.

இழுப்பறையில வச்ச தப்புக்கு மட்டும்னா எச்சரிக்கைதாண்ணே. புத்தகத்துல இருக்கு, இருபத்தி ரெண்டாம் பக்கம். முதல் தடவை, யாரையும் மிரட்டலைன்னா, எழுத்துல எச்சரிக்கை, கத்தியை வாங்கி வச்சிக்குவாங்க, அவ்வளவுதான். மிரட்டினதாச் சொல்லிட்டாங்க பாருங்க, அதுலதான் கேஸ் பெருசாயிடுச்சு. கூட இருக்கிற பொண்ணுகிட்டக் கத்தியைக் காட்டி மிரட்டினான்னு அந்தப் போன்ல வந்துருச்சு. போய்ப் பாத்தா நெசமாவே கத்தி இருக்கு, ரத்தமும் இருக்கு. கத்தி இருந்தது உண்மைன்னா மிரட்டினதும் உண்மையாத்தான் இருக்கும்னு நினைக்கிறாங்க. நினைக்காம என்ன செய்வாங்க?

மடியில என்ன, அந்தக் கவர்? அறிக்கையா? உங்களுக்குக் கொடுத்தாங்களா?

பிரிட்டா கையெழுத்துப் போட்டாளா. அப்பாவுக்குக் காட்டலாம்னு. வாபஸ் எல்லாம் வாங்கல.

நல்ல பொண்ணுதான்.

ஒரு தடவை கொடுங்களேன். படிச்சுட்டுத் தந்துடறேன். கை எண்ணெயா இருக்கு, தொடைச்சுக்கிறேன். இருங்க, அந்தப் பச்சை ஸ்வெட்டர் பாக்குது. புத்தகத்துக்குள்ள வச்சுப் படிக்கிறேன்.

இது என்ன, பாதிக்கு மேல கருப்பா இருக்கு? ஓ. அடுத்த பொண்ணு விவரமா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மை பூசியிருக்காங்களா. அப்ப இந்தக் கருப்பு எல்லாம் என் பொண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, இங்க நாலு. பேரை மறைச்சுட்டா யாருன்னு தெரியாதாக்கும்? ஒரே அறையில ரெண்டே ரெண்டு பேர் இருக்காங்க. படிச்சவங்க செய்யிற வேலையைப் பாருங்க.

கருப்பு சொன்னது, பிரிட்டா கோஸ்கி தன்னை ஒருபோதும் மிரட்டினதில்லன்னு. கருப்பு சொன்னது, பிரிட்டாதான் தனக்கு இங்க இருக்கிற ஒரே தோழின்னு. அக்டோபர்ல ரொம்ப முடியாம இருந்தப்ப தன்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனது பிரிட்டாதான்னு.

முடியாமயா? என்ன முடியாம? உங்களுக்குத் தெரியுமா? என்ன டாக்டர்?

தலைக்கான டாக்டரா. மனசுக்கு. தூக்கம் வராமயா. வாரா வாரம் போறாளா? இப்பவும்? இப்ப நல்லா இருக்காளா? நீங்க பாத்தீங்களா அவளை? எப்ப, நன்றித் திருநாளுக்கா. உங்க வீட்டுக்கா வந்தா? உங்க வீட்டுல வான்கோழி சாப்பிட்டாளா? நல்லாச் சாப்பிட்டாளா?

ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாளா.

இல்லண்ணே, அழல. இந்த ஹீட்டர் காத்து கண்ணுல படுது. அன்னைக்கு நான் வான்கோழி சுட்டு வச்சு, ஒரு தட்டை அதிகமா வச்சு, எட்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். உங்க வீட்டுல இருந்தான்னு தெரிஞ்சிருந்தா தூங்கியிருப்பேன். அவ்வளவுதான் எனக்கு வேணும். எங்க இருக்கான்னு தெரியணும்.

இருங்க, முடிக்கல. தகவல் வந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிஷம், பேர் சொல்லாத நம்பர்ல. பெண் குரல். பதிவு இருக்கு. பதிவை, மறுபடியும் கருப்பு, அவகிட்டப் போட்டுக் காட்டப்பட்டது. ரெண்டு தடவை கேட்டிருக்கா. யாரோட குரல்னு தனக்குத் தெரியலைன்னு சொல்லியிருக்கா.

தெரியலைன்னா சொன்னா?

எங்க, இதுவா? இந்த வரியா? எனக்குக் கண்ணாடி மாத்தணும், சரியாப் பாருங்க. தெரியலைன்னுதான் போட்டிருக்கா?

அதுக்குக் கீழ என்னமோ இருக்கு. கத்தி இருப்பது அறையில் வசிப்பவருக்கு மட்டுமே தெரிந்திருக்க முடியும் என்பதால், கருப்பே பேர் சொல்லாம அந்தத் தகவலைக் கொடுத்தாரான்னு தனியா விசாரிக்கப்படும். பொய்த் தகவல்னா அவர் மேலும் நடவடிக்கை. அவரும் வெளிய.

அதான் என் பேரைக் கேட்டதும் அப்படிப் பாத்தீங்களா. ஜனெல்தான் போன் பண்ணான்னு நினைச்சுக்கிட்டு, அவ அம்மா கொடுத்த பாஸ்டியைச் சாப்பிடுறீங்க. நினைக்கலையா? நீங்க நினைக்கலைன்னா பிரிட்டா நினைக்கிறா. உள்ள போறப்ப ரெண்டு பேரும் பேசிக்கலையே, நான் பாத்தேனே. ஒருத்தி அந்தச் சுவரோரமாப் போனா, ஒருத்தி இந்தச் சுவரோரமாப் போனா. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனவ, வான்கோழி போட்டவ, அவளே இப்படிப் போறா.

அவ பண்ணலண்ணே. அவளுக்கு அந்தக் கத்தி அங்க இருந்ததே தெரியாது, அவங்க எடுத்துக் காட்டினப்புறம்தான் தெரியும். போன்ல பேசினப்ப சொன்னா. சொல்லிட்டுப் போனை வச்சுட்டாளோன்னு பாத்தேன், வைக்கல. நான் ஏதாவது சொல்வேன்னு காத்துக்கிட்டு இருந்தாளோ என்னமோ. நான் பனி எப்படி இருக்குன்னு கேட்டேன்.

இருக்கிறது தெரிஞ்சவங்கதான் சொல்ல முடியும்னு எதை வச்சு சொல்றீங்க? தெரியாமயும் சொல்லலாம். துப்பாக்கின்னு சொன்னா ஊர்ப் போலீசே வந்துடும், பிள்ளைங்க பயந்துடும்னு தோணுச்சு. அதனால கத்தின்னு சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன், கையில அதுதான் இருந்துச்சு. பத்து மணி இடைவேளையில, சமையல்கட்டுல, காய்கறி வைக்கிற குளிர் அறைக்குள்ள போய் நின்னு பேசினேன். உங்க பொண்ணு மேசையில நெசமாவே ஒண்ணு இருக்கும்னு நான் கண்டேனா? உள்ள போவாங்க, ஒண்ணும் இருக்காது, என் பொண்ணு எப்படி இருக்கான்னு நாலு பேர் பாத்துட்டு வருவாங்க, யாராவது ஒருத்தர் அவங்க அம்மாவைக் கூப்பிடுங்கன்னு சொல்வாங்க. அவ்வளவுதான் நினைச்சேன்.

கத்தாதீங்க. கத்துறதுன்னாலும் கத்துங்க, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.

குரல் தெரியலைன்னு எழுதிக் கொடுத்திருக்கா பாருங்க. பத்தொன்பது வருஷமாக் கேக்குற குரல். ரெண்டாவது தடவை எதுக்குப் போடச் சொன்னாளோ.

நீங்க உக்காருங்க, நீங்க கதவைத் தட்டினா நல்லா இருக்காது. நான்தான் தட்டிச் சொல்லணும். இந்தப் புத்தகத்தைப் பிடிங்க. எங்க கூடத் தனியாப் பேசணும்னா ஆபீஸ்ல நேரம் வாங்கிட்டு வாங்கன்னு சொல்வாங்க, நான் கேக்கப் போறதில்ல. கோட்டுப் பொத்தான் எல்லாம் சரியா இருக்கா? இந்தக் கதவு தள்ளுறதாண்ணே, இழுக்கிறதா?